பவளம் யார் வீட்டு நாய்

காலைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கிடுங்க தம்பி. ஒண்ணும் பண்ணாது, சும்மா மோந்து பாக்கும், அவ்வளவுதான். பேரு பவளம். பொட்டை நாய். ஏ பவளம், அவுகளை விடு. நான் சொன்னா உடனே கேட்டுக்கிடும். இப்ப பஸ் சத்தத்துல காது கேக்கலபோல இருக்கு.

மினி பஸ்ஸுங்கறதால ஏத்திக்கிட்டான். பெரிய பஸ்ஸுல ஆட்டுக்குட்டிய ஏத்துவான், கோழிய ஏத்துவான், நாயின்னா மட்டும் விசிலை ஊதி இறக்கி விட்டுருவான். இந்தக் கண்டக்டர் நமக்குப் பழக்கம். சமீபத்துலதான் பழக்கம். எப்படின்னு கேக்காதீங்க.

எங்க இறங்கணும்னா, ஊத்துப்பட்டிக்கு ரோடு பிரியுற விலக்கு. அங்கதான் என் மச்சினன் சங்கிலிமுத்து வீடு இருக்கு. நம்ம வீட்டுக்காரியும் இப்ப அங்கதான் இருக்கா. அவளைப் பாக்கப் போறேன்னு நினைச்சிராதீங்க. நாயைக் கொண்டுபோய் விடப் போறேன். நாய் விஷயமாத்தான் இந்தப் பயணமே. நாயை விடப் போற ஆளுக்கு எதுக்குச் சலவை வேட்டின்னு பாக்கீங்க. அழுக்கு வேட்டி ஒண்ணும் இல்ல, அதான். துவைக்க ஆள் இல்லாம எல்லாம் தண்ணித் தொட்டிக்குள்ள ஊறிக்கிட்டு கிடக்கு.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஃபாரஸ்ட் ஆபீஸ்ல வேலை பாக்கலையே? பேங்கா? அப்பச் சரி. கௌதாரி பிடிக்கிறது சட்டப்படி தப்புன்னு எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் பிடிக்கான். நான் வேற என்னத்தச் சொல்ல.

கௌதாரி எப்படிப்பட்ட சாதிப் பட்சின்னு உங்களுக்குத் தெரியாது. கோழி மாதிரின்னு நினைப்பீங்க. கோழி எங்க, அது எங்க. நாம ஓடைக்கரையில ஏறுறப்பவே அதுக்குத் தெரிஞ்சிரும். பறக்காது. பறந்தாத்தான் பிடிச்சிரலாமே. தரையோட தரையா, உடைமுள்ளுக்கு அடியில சரசரன்னு ஓடும். நம்ம கண்ணுக்கு ஒரு மண்ணாங்கட்டி உருளுற மாதிரி இருக்கும். கிட்டப் போனா ஒண்ணும் இருக்காது. சரி, போயிருச்சுன்னு திரும்புனா காலுக்கடியில இருந்து புர்ர்ருனு கிளம்பும் பாருங்க, ஈரக்குலை நடுங்கிப் போகும். எத்தனையோ வருஷமாப் போறேன், இன்னும் எனக்கு நடுங்கத்தான் செய்யும்.

அதுக்குத்தான் நாய். நாய்னா எல்லா நாயும் கிடையாது. முயலை விரட்டுற நாய் வேற, அது காலை நம்பி ஓடும். கௌதாரிக்கு மூக்கும் வேணும், பொறுமையும் வேணும். இந்தா இருக்காளே, இவ காத்துல வாடை பிடிச்சான்னா அப்படியே நின்னுருவா. வாலை நீட்டிக்கிட்டு, முன்னங்கால் ஒண்ணை மடக்கித் தூக்கிக்கிட்டு, மூச்சுக்கூட விடமாட்டா. எந்தப் பக்கம் மூக்கு நீட்டியிருக்கோ அந்தப் புதருக்குள்ள கௌதாரி இருக்குன்னு அர்த்தம். நான் அங்கிட்டுப் போய் ரெண்டு புதருக்கு நடுவுல வலையக் கட்டிட்டு உக்காந்திருவேன். அப்புறம் இவ மெதுவா, மெதுவாத் தள்ளிக்கிட்டு வருவா. கௌதாரி ஓடியாந்து வலைக்குள்ள விழுந்திரும். நாயும் நானும் அப்படி ஒரு ஜோடி. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் 'கெங்கையா நாய்'னு பேரு. கெங்கையாங்கறது நான்தான்.

வீட்டுக்காரியும் வருவாளான்னு கேக்கீங்களா? ஆமா, வருவா. வெள்ளத்தாய்னு பேரு. ஆனா சும்மா கூட வருவா, அவ்வளவுதான். வேலைன்னு ஒண்ணும் கிடையாது.

சொல்லப்போனா அவ வாரது எனக்குத் தொந்தரவுதான். அவகிட்ட ஒரு கெட்ட பழக்கம், காட்டுக்குள்ள நுழையுமுன்னே நின்னுருவா. ஒரு சிட்டிகை மண்ணை அள்ளிக் காத்துல விடுவா. அது எங்கிட்டுப் பறக்குதுன்னு பாத்துட்டு, "இந்தப் பக்கம் வேண்டாங்க, சுத்திப் போவோம்"பா. நல்லா நேர் வழி இருக்கும். அதை விட்டுட்டு ஓடையச் சுத்தி, முள்ளுக்குள்ள பூந்து, வேர்த்து விறுவிறுத்துப் போகணும். நேரம்தான் வீண். பொம்பளைன்னா ஏதாவது ஒரு சடங்கு செய்யாம எந்திரிக்க மாட்டாளேன்னு நான் விட்டுருவேன்.

அப்புறம் அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிட்டு, வாயைக் கையால பொத்தி, 'கிட்டீலி கிட்டீலி'ன்னு கௌதாரி மாதிரியே கத்துவா. அதைக் கேட்டா, அந்த எல்லைக்குள்ள இருக்குற சேவல் கௌதாரிக்குப் பொறுக்காது. எவன்டா எங்க இடத்துக்குள்ள வந்ததுன்னு பதிலுக்குக் கத்தும். பாவம், அவளுக்கும் பொழுது போகணுமே, கத்திட்டுப் போகட்டும்னு நான் பேசாம இருந்திருவேன். பவளம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையத் திருப்பி இவளப் பாக்கும். இவ கையை இப்படி ஒரு ஆட்டு ஆட்டுவா. அது கிளம்பும். எனக்கும் நாய்க்கும் அப்படி ஒரு புரிதல் தம்பி.

குஞ்சு வச்ச பெட்டை வலையில விழுந்துச்சுன்னா, கண்டிப்பா விட்டுருவா. நான் கையில பிடிச்சிருப்பேன், "விடுங்க, விடுங்க"ன்னு உயிரை எடுத்து, என் விரலைப் பிரிச்சு விட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பா. அப்படி ஒரு அழிச்சாட்டியம்.

நாய் எப்படி வந்ததுன்னு சொல்லலையே. வெள்ளத்தாய் பிறந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பொண்ணைக் கட்டிக்குடுக்கும்போது சீர்வரிசையோட ஒரு நாய்க்குட்டியும் குடுப்பாக. பிறந்த வீட்டுல இருந்து ஒரு உசுரு கூடப் போகணுமாம். பொண்ணு புகுந்த வீட்டுக்குள்ள காலை வச்சதும் முதல் வேலையா அந்தக் குட்டிக்குச் சோறு வைக்கணும். அதுக்கப்புறம்தான் அவ சாப்பிடணும். அந்த நாயை விக்கவும் கூடாது, வேற ஆளுக்குக் குடுக்கவும் கூடாது. 'வெள்ளத்தாய் நாய்'னு பொம்பளைப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாக. அப்படி இவ கூட வந்த குட்டியோட பேத்திதான் இந்தப் பவளம். வழக்கம் அப்படி. நம்ம ஊருக்கு வந்த பிறகு நம்ம நாய்தானே? ரேஷன் கார்டுல அவ பேரே என் பேருக்குக் கீழதான் இருக்கு.

சரி, இந்த மாசிக்கு நடந்ததைச் சொல்லுதேன். கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க பெரியப்பா மகன் தவசிக்கண்ணு மெட்ராஸ்ல இருக்கான். போன்ல பேசுறப்பல்லாம் நான் வேட்டையப் பத்திச் சொல்லுவேன். கொஞ்சம் கூடக் குறையச் சொல்லியிருப்பேன், அது மனுஷ சுபாவம். அவன் ரெண்டு சிநேகிதக்காரங்களைக் கூட்டிக்கிட்டு கார்ல வந்து இறங்கிட்டான். "அண்ணே, உங்க வேட்டையப் பாக்கணும், உங்க நாயைப் பாக்கணும், மத்தியானம் கௌதாரிக் குழம்பு சாப்பிடணும்"னு நிக்கான். எனக்கு எப்படி இருக்கும்? நெஞ்சு இப்படி நிமிந்து போச்சு.

விடியக்காலையில கிளம்புதோம். வெள்ளத்தாய் சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. மெட்ராஸ்க்காரங்க முன்னாடி, பொண்டாட்டி முன்னால மண்ணை அள்ளி விட்டுக்கிட்டு போக, நான் பின்னால வலையத் தூக்கிட்டுப் போனா அவங்க என்ன நினைப்பாங்க? "ஏளா, ஆம்பளைக போற இடத்துல உனக்கென்ன சோலி? நீ மசாலாவை அரைச்சு வை, வந்திருதோம்"னேன். அவ துண்டை அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டா. பவளத்தைப் பாத்து, "போ"ன்னா. அது அவளையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு வந்தது. நான்தான் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

அன்னைக்கின்னு பாத்துக் காட்டுல ஒரு கௌதாரிகூட இல்ல தம்பி. இருந்தது, சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது. ஆனா நாங்க போற பக்கம் இல்ல. நேர் வழியாத்தான் போனேன், சுத்தல, மண்ணை விடல, மடமடன்னு போனேன். காத்து முதுகுல நல்லா சிலுசிலுன்னு அடிக்கு, நடக்கச் சுகமா இருந்தது. அப்படியும் ஒண்ணும் இல்ல. மெட்ராஸ்க்காரன் ஒருத்தன் மேல சென்ட் வேற அடிச்சிருந்தான். அதுதான் காரணம்னு நினைக்கேன். இல்லைன்னா அவுகளோட வெள்ளைச் சட்டை. இந்தக் கழுதை என்ன செஞ்சது தெரியுமா? ஒரு உடைமரத்து நிழல்ல போய் உக்காந்துக்கிட்டது. 'பவளம், பிடி'ங்கேன், 'பவளம், போ'ங்கேன். அது ஊர்ப்பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. "அண்ணே, நாய்க்கு இன்னைக்கு லீவா?"ன்னு தவசி கேக்கான். கூட வந்தவன் அதை செல்போன்ல படம் பிடிக்கான். என் மானம் போச்சு.

வெறுங்கையோட வீட்டுக்கு வந்தா, அடுப்புல குழம்பு கொதிக்குது. தெரு பூரா மணம். பக்கத்து வீட்டுல நாட்டுக்கோழி ஒண்ணை வாங்கி அறுத்துப் போட்டிருக்கா. நான் வெறுங்கையோடதான் வருவேன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. ஒண்ணும் கிடைக்காதுன்னு வாய் வச்சிருப்பா, பொம்பளை வாய். மூணு பேரும் சாப்பிட்டுட்டு, "மயினி, இப்படி ஒரு குழம்பு சாப்பிட்டதே இல்ல"ங்கான், "கை மணம்"ங்கான், "நாளைக்கும் இங்கதான்"ங்கான். என்னைப் பத்தி ஒரு பேச்சு இல்ல. எனக்கு வந்தது பாருங்க கோவம்.

"எல்லாம் இவளாலதான். கிளம்பும்போது நாய்க்கு வயிறு முட்டக் கஞ்சிய ஊத்திட்டா. அதான் மந்தமா உக்காந்துக்கிட்டது. இவ வளத்த நாய் இவளை மாதிரித்தானே இருக்கும்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவளும் சிரிச்சான்னுதான் நினைச்சேன். குனிஞ்சு சோறு போட்டுக்கிட்டு இருந்ததால மூஞ்சி சரியாத் தெரியல. கஞ்சி ஊத்தினாளான்னு கேக்கீங்களா? ஊத்தலையாம், பின்னால எங்க மக சொன்னா. வேட்டைக்குப் போற நாய்க்குக் காலையில ஒண்ணும் வைக்கமாட்டாளாம், எப்பவும் கிடையாதாம். அதை அப்பவே சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?

மறுநாள் அவங்க கார் தெருவத் தாண்டுச்சு. இவ துணிப்பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கா. "எங்க?"ன்னேன். "தம்பி வீட்டுக்கு"ன்னா. பவளமும் வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாலயே இறங்குச்சு. இவ அதைத் திருப்பிக் கொண்டாந்து தூண்ல கட்டினா. கட்டிட்டு, என்னைப் பாத்துச் சொன்னா தம்பி: "கௌதாரி கெடைச்சா உங்க நாய், கெடைக்கலைன்னா என் நாய். இப்படி மாத்தி மாத்தி அலைஞ்சா அதுக்கும் குழப்பமாத்தான் இருக்கும். இனி எப்பவும் உங்க நாயாவே இருக்கட்டும்." அவ்வளவுதான். செருப்பை மாட்டுனா, போயிட்டா.

இதுல நான் என்ன தப்பு செஞ்சேன்? நீங்களே சொல்லுங்க. கை ஓங்குனேனா? குடிச்சனா? நாய்க்குக் கஞ்சி ஊத்தினான்னு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு வீட்டை விட்டுப் போவாளா ஒருத்தி? மகளுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டேன், திருப்பூர்ல இருக்கா. "எப்பா, நீங்க முதல்ல வலையக் கீழ போட்டுட்டு யோசிச்சுப் பாருங்க"ங்கா. இதுல வலை எங்க வந்தது?

சரி போகட்டும், நாயைத்தான் நம்மகிட்ட விட்டுட்டாளே, நாம ரெண்டு பேரும் ராஜா மாதிரி வேட்டையாடலாம்னு இருந்தேன். காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நடந்தது, வந்தது. ஒரு இடத்துல டக்குனு நின்னது, வால் நீண்டுருச்சு, கால் மடங்கிருச்சு. ஆகா, வேலைக்கு வந்துட்டான்னு வலையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். மூக்கு நீட்டியிருந்த பக்கம் புதரே இல்ல தம்பி, ஊத்துப்பட்டிக்குப் போற ரோடு. நானும் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி நிறுத்திப் பாத்துட்டேன். எங்க நிறுத்துனாலும் அங்கதான் நீட்டுது.

நானே கௌதாரி மாதிரிக் கத்தியும் பாத்தேன். அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ஒரு சேவல் வெளிய வந்தது. என்னைத் தலையச் சாய்ச்சுப் பாத்தது. அப்புறம் அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டே போயிருச்சு. சண்டைக்குக்கூட லாயக்கு இல்லைன்னு நினைச்சிருக்கும்.

அதுக்கப்புறம் இது சாப்பிடுறதை நிறுத்திருச்சு. பாருங்க, விலா எலும்பை. பக்கத்து வீட்டுல வாங்கிக் கம்மஞ்சோறு வச்சேன், மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிட்டது. கறி வாங்கிப் போட்டேன், எறும்புதான் தின்னது. கடைசில என்ன செஞ்சேன், கொடியில கிடந்த அவ பழைய சேலை ஒண்ணை எடுத்துத் தரையில விரிச்சுப் போட்டேன். அதுல போய்ச் சுருண்டு படுத்துக்கிட்டது, ரெண்டு வாய் சோறும் தின்னது. நானும் பக்கத்துலயே படுத்துக்கிட்டேன். நாய் எந்திரிச்சா தெரியணும்ல, அதுக்காகத்தான். அந்தச் சேலையில மஞ்சளும் அடுப்புப் புகையுமா ஒரு வாடை. நாய்க்கு அது இல்லாமத் தூக்கம் வரல.

வீடு வீடாவே இல்ல தம்பி. நாய்க்கு அப்படி இருக்கு.

நேத்து முந்தாநாள் மச்சினன் போன் பண்ணினான். சரி, சமாதானம் பேசத்தான் கூப்பிடுதான்னு நானும் தொண்டையைச் செருமிக்கிட்டு எடுத்தேன். "மச்சான், அக்கா கேக்கச் சொன்னா. பவளம் சாப்பிடுதா?"ங்கான். என்னைச் சாப்பிட்டானான்னு கேக்கல தம்பி! கட்டுன புருசன் உசுரோட இருக்கானா, அடுப்புப் பத்த வைக்கத் தெரியாம என்ன திங்கான், ஒரு வார்த்தை இல்ல. நாய் சாப்பிடுதாவாம். எனக்குச் சுருக்குனு இருந்தது. "நாய் ஜம்முனு இருக்கு, நல்லாத் தின்னுட்டுக் குட்டி யானை மாதிரி திரியுது, யாரும் கவலைப்பட வேண்டாம்"னு சொல்லி வச்சுட்டேன். இப்பப் பாத்தா இது இப்படிக் கிடக்கு. இதைக் கொண்டுபோய் அவ முன்னால நிறுத்துனா என் வாய் என்ன ஆகுறது? அதான் யோசனையா இருக்கு. அதுக்காக நாயைச் சாகவிட முடியுமா? அவ கையால ஒரு வாய் வச்சான்னா தின்னுரும். தின்ன வச்சுட்டு நான் அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். அவ வந்தா வரட்டும், வரலைன்னா... வரலைன்னா என்னன்னு நான் இன்னும் யோசிக்கல.

என்ன, கண்டக்டர் சிரிக்கான்? "இன்னைக்காவது இறங்குவீரா அண்ணாச்சி, இல்ல இன்னைக்கும் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு எங்க கூடவே திரும்புவீரா?"ங்கான். கிண்டல் பிடிச்ச பய. அவன் சொல்லுறதை நம்பாதீங்க தம்பி. போன தடவை மழை. அதுக்கு முந்தி பஸ்ஸுல கூட்டம், இறங்க வழி விடல. அதுக்கும் முந்தி ஒருநாள் வந்தேன், அன்னைக்கு இவ விலக்குக் குழாயடியில நாலு பொம்பளைக கூட நின்னு தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தா. அத்தனை பேர் பாக்க எப்படி இறங்குறது? ஜன்னலுக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டேன். இறங்குறதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?

அந்த வேப்பமரம் தெரியுதே, அதுதான் விலக்கு. அய்யய்யோ, இன்னைக்கும் குழாயடியில ஆள் நிக்குதே. பச்சைச் சேலை. அவளேதான். தம்பி, இன்னைக்கும் நேரம் சரியில்லபோல இருக்கு. நான் வேணும்னா கடைசி ஸ்டாப்புல ஒரு டீயைக் குடிச்சிட்டு, திரும்பி வாரப்ப...

ஏய்! ஏ பவளம்! பிடிங்க தம்பி, கயித்தைப் பிடிங்க! போச்சு, படியைத் தாண்டிருச்சு. வண்டி நிக்குறதுக்குள்ள குதிச்சிட்டாளே சண்டாளி! டிரைவரண்ணே, நிறுத்துங்க, நிறுத்துங்க. பாத்தீங்களா, வேற வழியே இல்ல, நாயைப் பிடிக்கவாவது இறங்கித்தான் ஆகணும். கொஞ்சம் வழி விடுங்க, அம்மா, அந்தக் கூடையை நகட்டுங்க.

தம்பி, நீங்க ஜன்னலோரம்தானே இருக்கீங்க, எட்டிப் பாத்துச் சொல்லுங்க. குடத்தைக் கீழ வச்சுட்டாளா? நாய் அவ மேல ஏறி மூஞ்சிய நக்குதா? சரி, சரி. அது மெலிஞ்சு போனதைப் பாத்திருப்பா. திட்டுதாளா? என்ன, எந்திரிச்சு பஸ்ஸைப் பாக்காளா? யாரைத் தேடுதா? எனக்குக் கண்ணெல்லாம் தண்ணி கட்டி ஒண்ணும் சரியாத் தெரியல, ரோட்டுல ஒரே புழுதி. சிரிக்காளா, அழுவுதாளா?

வேண்டாம், வேண்டாம், நீங்க சொல்லாதீங்க. இந்தா, நான் இறங்கிட்டேன், வண்டிய எடுக்கச் சொல்லுங்க. நானே போய்ப் பாத்துக்கிடுதேன்.